ராத்திரி பஸ் பிடித்து கிரெய்ட் கிரகத்துக்கு

ஸ்டார் வார்ஸ் பார்த்தவர்களிலேயே பலருக்கு கிரெய்ட் என்ற பெயர் ஞாபகம் இருக்காது. 2017இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடை’ படத்தின் கடைசிச் சண்டை நடக்குமே, அந்தச் சின்னக் கிரகம். மேலே வெள்ளை உப்பு, கீறினால் கீழே ரத்தச் சிவப்பு. அதே படங்களில் வரும் பாலைவனக் கிரகமான டாட்டூயினைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். அந்த வெள்ளைத் தரைக்காகப் படமெடுத்த இடம் பொலிவியாவின் சலார் தே உயூனி என்ற உப்புவெளி. நேற்றுதான் திரும்பினேன், உதடு இன்னும் வெடித்துக் கிடக்கிறது.

செலவுக் கணக்கை அடுத்த பதிவில் வரிசையாகத் தருகிறேன். அதற்கு முன் அந்த பஸ். லா பாஸிலிருந்து உயூனிக்கு ராத்திரி முழுக்கப் பயணம். ஹீட்டர் உண்டு என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள், போடவே இல்லை. ஜூலைக் குளிரில் ஜன்னலின் உள்பக்கம் பனி படிந்துவிட்டது. கழிவறைக்குப் பூட்டு. கேட்டால் பதில் கிடையாது. காசு கொஞ்சம் கூடப் போனாலும் நல்ல பஸ்ஸில் போங்கள்.

விடிந்ததும் சந்தையில் ஒரு அம்மா ஊற்றிக் கொடுத்த கீன்வா சூப்பில்தான் உயிர் வந்தது. லாமா கறி, உருளைக்கிழங்கு, பக்கத்தில் தக்காளியும் லொகோட்டோ மிளகாயும் கல்லில் அரைத்த யாஹுவா. என்ன காரம்! இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினேன். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேலாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ரயில் கல்லறையில் துருப்பிடித்த எஞ்சின்கள், கொல்சானி கிராமத்தில் உப்பு மூட்டைகள், எல்லாம் பார்த்தோம். அப்புறம் ஜீப் உப்புக்குள் இறங்கியது. 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், சுமார் 3,650 மீட்டர் உயரத்தில், மேடு பள்ளமே இல்லாத வெள்ளை. செயற்கைக்கோள்களின் உயரக் கருவிகளைச் சரிபார்க்கவே இந்தத் தரையைப் பயன்படுத்துகிறார்கள். காய்ந்த உப்பு அறுகோணம் அறுகோணமாக வெடித்து, அடிவானம் வரை கோலம் போட்டதுபோல் கிடக்கிறது. படத்தில் ஒரு சிப்பாய் தரையைத் தொட்டு நாக்கில் வைத்து உப்பென்று கண்டுபிடிப்பான். நானும் வைத்துப் பார்த்தேன், நல்ல கரிப்பு! ஒற்றைச் சறுக்குக் கட்டையால் தரையைக் கீறிக்கொண்டு படத்தில் வரும் ஓட்டை வண்டிகள் சிவப்புக் கோடு இழுத்துப் போகும் காட்சி கண்ணுக்குள் ஓடியது. சிவப்பு சினிமாவின் சேர்க்கை. நிஜத்தில் மேலோட்டுக்குக் கீழே இருப்பது உப்புநீர், அதில் ஏராளமான லித்தியம். அதை எடுக்கிறேன் என்று இந்தத் தரையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று நிஜமாகவே பயமாக இருக்கிறது.

இன்காவாசி தீவில் இறங்கினோம். உப்புக்கு நடுவே ஒரு பாறைக் குன்று, அது நிறைய ஆளுயரத்தைத் தாண்டிய கள்ளிகள். நுழைவுக் கட்டணம் தனி, அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் ஓட்டுநர் மேல்தான். சூரிய அஸ்தமனம்வரை என்று ரசீதிலேயே எழுதியிருக்க, சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு, தலைக்கு 100 பொலிவியானோ கூடக் கொடுத்தால்தான் காத்திருப்பேன் என்கிறார். கூட வந்த சிலி நாட்டு அக்கா ரசீதை நீட்டி ஸ்பானிய மொழியில் வாதாடி 40க்கு இறக்கினார். அந்த 40உம் அநியாயம். கிளம்பும் முன்பே ரசீதை ஓட்டுநரிடம் காட்டிப் பேசிவிடுங்கள்.

கிரெய்ட் பார்க்க வேண்டுமானால் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் போங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நின்று தரை கண்ணாடியாகிவிடும், அழகுதான், ஆனால் அறுகோணங்கள் மறைந்துவிடும், தீவுக்கும் பல நாள் வண்டி போகாது. கருப்புக் கண்ணாடி, உதட்டுக்கு ஏதாவது களிம்பு, கழிவறைகளுக்குச் சில்லறை கட்டாயம். செலவுக் கணக்கு ரசீதுகளைப் பிரித்து அடுத்த பதிவில் போடுகிறேன்.