சிங்குக்குக் கீழே குனிந்து பார்த்த கதை

போன வருடம் மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று வாங்கினோம். 960 சதுர அடி, இரண்டாவது மாடி, கட்டிப் பன்னிரண்டு வருடம். பழைய உரிமையாளர் விட்டுப் போனது மூன்று மின்விசிறிகளும் சுவரில் ஒட்டிய ஒரு முருகன் படமும்தான். உள்வேலை முழுக்க எங்கள் தலையில். "ஒரு இண்டீரியர் டிசைனரைப் பார்க்கணும்" என்று என் கணவர் சொன்ன அன்று சாயங்காலமே அவர் போனில் மாடுலர் கிச்சன் விளம்பரம் வந்துவிட்டது. யார் ஒட்டுக்கேட்டார்களோ.

எனக்கும் பலகைகளுக்கும் ஒரு பழைய பகை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வேளச்சேரியில் தரைத்தள வாடகை வீட்டில் இருந்தோம். முழங்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு சமையலறை அலமாரியைத் திறந்தேன், கதவு கையோடு வந்துவிட்டது. பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை, தண்ணீர் குடித்து ரவா உப்புமா மாதிரி உப்பிக் கிடந்தது. பக்கத்திலேயே இருந்த அத்தையின் தேக்குப் பெட்டி துடைத்துக் காயவைத்ததும் பழையபடி ஆகிவிட்டது. அத்தை, அதாவது என் மாமியார், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவார்.

புது வீட்டின் வாசல் கதவை இழைத்துக் கொடுக்க வந்த ஆசாரிதான் எங்களுக்கு முதல் பாடம் எடுத்தவர். "டிசைனர் யாரு வேணா இருக்கட்டும்மா. அவங்க முன்னாடி செஞ்ச வீட்டைக் காட்டச் சொல்லுங்க. புதுசு வேணாம், மூணு நாலு வருஷம் ஆன வீடு. ஹாலைப் பார்க்காதீங்க, சிங்குக்குக் கீழே குனிஞ்சு பாருங்க" என்றார். சமையலறையில் ஈரம் முதலில் வேலையைக் காட்டும் இடம் அதுதானாம்.

முதலில் போனது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஷோரூம். காபி கொடுத்தார்கள், நல்ல காபி. பெரிய திரையில் எங்கள் வீட்டையே காட்டினார்கள். ஹால் வெள்ளை, சமையலறை சாம்பல் நிறம், மேடையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஐந்து ஆரஞ்சு.

"கிரைண்டர் எங்கப்பா?" என்று கேட்டார் அத்தை. அந்தப் பையன் படத்தை இப்படியும் அப்படியும் சுழற்றினான். கிரைண்டர் இல்லை. கேஸ் சிலிண்டரும் இல்லை. துணி காயப்போடும் கொடி இருக்க வேண்டிய பால்கனியில் ஒரு மூங்கில் நாற்காலி.

"அளவெடுத்த அப்புறம் எல்லாம் சேர்த்துக்கலாம் ஆன்ட்டி" என்றான். அளவெடுக்க வர வேண்டும் என்றால் மொத்தத்தில் 10 சதவீதம் முன்பணம். பிறகு வேண்டாம் என்று சொன்னால் அது திரும்ப வராது. மதிப்பீடு 8,40,000 ரூபாய். தாளின் அடியில் பொடி எழுத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்று இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம். அது மட்டும் 1,51,200.

அந்தத் தாளை இரண்டு நாள் வைத்துப் படித்தேன். "பிடபிள்யூபி பிளைவுட் அல்லது அதற்கு இணையானது." "ஹெட்டிச் கீல் அல்லது அதற்கு இணையானது." பிடபிள்யூபி என்றால் கொதிநீரையும் தாங்கும் பிளைவுட் ரகம், ஹெட்டிச் ஒரு கம்பெனிப் பெயர். இணையானது என்ற சொல் பன்னிரண்டு இடத்தில் இருந்தது. எதற்கு எது இணை என்று யார் முடிவு செய்வார்கள்? நாம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். மூன்று வருடம் பழைய வாடிக்கையாளர் வீடு ஒன்றைக் காட்ட முடியுமா என்று போனில் கேட்டேன். தனியுரிமைக் கொள்கை இடம் தராது என்றார்கள். வேண்டுமானால் போன மாதம் முடித்த வீட்டைக் காட்டுகிறோம் என்றார்கள். போன மாத வீட்டின் தனியுரிமை என்ன ஆனது என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

அடுத்தது ஒரு கான்ட்ராக்டர். சதுர அடி 1,450, எல்லாம் உள்ளே என்றார். ஏழடிக்கு ஏழடி துணி அலமாரி என்றால் முகப்பளவு 49 சதுர அடி, 71,050 ரூபாய். நிறுவனத்தின் தாளில் அதே அலமாரி சதுர அடி 1,250தான். ஆனால் டிராயர் தனி, டிராயருக்கான சேனல் தனி, சேலை தொங்கவிடும் கம்பி தனி, பூட்டு தனி, மேலே லாஃப்ட் தனி. கூட்டினால் கான்ட்ராக்டரைத் தாண்டிவிடும். சதுர அடிக் கணக்கை மட்டும் வைத்து இரண்டு பேரை ஒப்பிடுவது வெறும் ஏமாற்று வேலை. கான்ட்ராக்டர் கை சுத்தம், பள்ளிக்கரணையில் அவர் செய்த வீட்டில் சிங்குக்குக் கீழேயும் சுத்தம். வரைபடம் போடும் வழக்கம்தான் அவருக்கு இல்லை. அந்த வீட்டில் ஃபிரிட்ஜைச் சுவரோடு தள்ளிய பிறகுதான் பிளக் பாயின்ட் அதன் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது தெரிந்ததாம். சுவிட்சைத் தொட வேண்டுமென்றால் இரண்டு பேர் ஃபிரிட்ஜை இழுக்க வேண்டும்.

இடையில் ஒரு விஷயம். ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப்பலகை போட 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். இண்டீரியர் டிசைனர் என்று போட்டுக்கொள்ள அப்படி ஒரு பதிவும் வேண்டாம். நாளைக்கே நானும் போட்டுக்கொள்ளலாம். படித்துவிட்டு வந்தவரும் இருக்கிறார், போன வருடம் வரை வேறு தொழில் செய்தவரும் இருக்கிறார். அட்டையில் இருப்பதைப் பார்த்து எதுவும் தெரியாது.

மூன்றாவதாக வந்தவர் நங்கநல்லூரில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். படம் எதுவும் கொண்டு வரவில்லை. "சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வரலாமா அக்கா? நீங்க சமைக்கறப்போ பார்க்கணும்" என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். வாடகை வீட்டுச் சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாவு வாரத்துக்கு எத்தனை முறை அரைப்பீங்க? கிரைண்டர் கல்லைத் தூக்குறது யாரு? முதல்ல எழுந்திருக்கிறது யாரு? ஈரத்துணி, மாப், பழைய நியூஸ்பேப்பர் எல்லாம் இப்போ எங்க இருக்கு? அப்புறம் அத்தையை நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடித்தார். முப்பத்தாறரை அங்குலம். எனக்கு நாற்பத்தொன்று. "ரெண்டு பேருக்கும் ஒரே மேடை சரியா வராதும்மா" என்று அத்தையிடம் சொன்னார். அடுப்பு மேடை 34 அங்குலம், கிரைண்டருக்கும் காய் நறுக்கவும் பக்கத்தில் 30 அங்குலத்தில் ஒரு தாழ்ந்த மேடை. அத்தை அந்த நிமிடமே கட்சி மாறிவிட்டார்.

நான் அவ்வளவு சுலபத்தில் மாறவில்லை. நேராகவே கேட்டேன், "பிளைவுட் கடை, டைல்ஸ் கடையெல்லாம் உங்களுக்குக் கமிஷன் தருவாங்களே, எவ்வளவு?" இந்தக் கேள்விக்கு நிறுவனத்துப் பையன் அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்றான், கான்ட்ராக்டர் சிரித்தார். இந்தப் பெண் ஒரு நொடி யோசித்துவிட்டு, "தருவாங்க அக்கா. பில்லை உங்க பேர்லயே போடச் சொல்றேன், அந்தத் தொகையைக் கழிச்சே போடட்டும். எனக்கு டிசைன் ஃபீஸ் மட்டும் குடுங்க" என்றார். சதுர அடிக்கு 65 ரூபாய், ஆக 62,400. படம் வரையவா இவ்வளவு என்று என் கணவர் முணுமுணுத்தார். ஃபிரிட்ஜ் பிளக் கதையைச் சொன்னேன், அடங்கினார்.

நான்கு வருடத்துக்கு முன் அவர் செய்த வீட்டுக்கும் கூட்டிப் போனார். அந்த வீட்டுப் பாட்டி தானே ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். நான் குனிந்து டார்ச் அடித்தேன். பலகை தரையைத் தொடவே இல்லை, கால்கள் வைத்துத் தூக்கியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் விளிம்புப் பட்டை உரிந்திருந்தது. மூலையில் சுழலும் தட்டு ஒன்று வைத்திருந்தார்கள், நாலு வருடத்தில் நாலு தடவைகூட அதைத் திருப்பவில்லை என்று பாட்டி குறைப்பட்டார். "ஆமாம்மா, அது என் தப்பு. அப்போ எல்லாரும் கேட்டாங்கன்னு உங்களுக்கும் வெச்சுட்டேன்" என்றார் இவர். அங்கேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

ஒப்பந்தத்தில் "இணையானது" ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் அடித்து கம்பெனிப் பெயரும் மாடலும் எழுதினோம். சமையலறைக்கு 18 மி.மீ. பிடபிள்யூபி, பலகையிலேயே ஐஎஸ்ஐ முத்திரையும் 710 என்ற தரநிலை எண்ணும் இருக்க வேண்டும். 303 எண்ணோடு வரும் எம்ஆர் பலகை ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. படுக்கையறைக்கு அது போதும். கடையில் இரண்டிலும் ஒரு துண்டு வாங்கி வந்து பழைய இட்லிப் பானையில் கொதிக்க வைத்தோம். எம்ஆர் துண்டு பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. 710 அப்படியே இருந்தது. தரநிலைப்படி அதை 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிப்பார்களாம். எங்கள் சிலிண்டருக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று அத்தை நிறுத்திவிட்டார்.

பணத்தைத் தவணையாகப் பிரித்தோம். கடைசி 5 சதவீதத்தை வேலை முடிந்ததும் தர மாட்டேன், வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகுதான் என்றேன். சென்னையில் கதவு உப்புவது ஐப்பசி, கார்த்திகையில்தானே தெரியும். இப்படி யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார், ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்ட்டில் முடிய வேண்டிய வேலை ஐந்து வாரம் இழுத்தது. மதியத்தில் போன் செய்தால் எடுக்க மாட்டார். ஹாலில் மாட்டிய எலுமிச்சை நிற விளக்கு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. மொத்தம் 9,70,000 ஆனது, மலிவும் இல்லை.

நவம்பர் மழையில் பூஜை அலமாரிக் கதவு இறுகிக்கொண்டது. போட்டோ அனுப்பினேன், மூன்றாம் நாள் ஆள் வந்து கீலைத் தளர்த்தி விளிம்பை லேசாக இழைத்துவிட்டுப் போனார். டிசம்பர் கடைசியில் அத்தை டார்ச்சை எடுத்துக்கொண்டு சிங்குக்குக் கீழே குனிந்தார். உள்ளே கைவிட்டு மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "காய்ஞ்சுதான் இருக்கு, பணத்தை அனுப்பிடு" என்றார். அன்றைக்கே 48,500 ரூபாயை ஜிபே செய்தேன். மறுநாள் காலை பார்த்தால் அந்த இடம் முழுக்க முக்கோணமாக மடித்த பிளாஸ்டிக் கவர்கள்.