குறவிலங்காட்டில் யோனாவின் கப்பல்

"கப்பல் வந்நு!" என்று முதலில் கத்தியது, எனக்கு முன்னால் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி. எனக்குக் கோயில் முற்றம் முழுக்கத் தலைகள்தான் தெரிந்தன. மத்தியான வெயிலில் செண்டைச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. அப்புறம்தான் தலைகளுக்கு மேலே அந்த மரக்கப்பல் எழும்பி வந்தது.

கோட்டயம் மாவட்டம் குறவிலங்காட்டில், மர்த் மரியம் என்ற மாதா கோயிலில் நடக்கும் மூன்று நோன்புத் திருநாள் அது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்னால் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள். பைபிளில் யோனா தீர்க்கதரிசி சொன்னதைக் கேட்டு நினிவே மக்கள் உபவாசம் இருந்தார்களே, அதன் நினைவாக இருக்கிற நோன்பு. ஆறாம் நூற்றாண்டில் மெசொப்பொத்தாமியாவில் கொள்ளைநோய் பரவியபோது, நினிவேக்காரர்களைப் போல நோன்பிருங்கள் என்று ஆயர்கள் கேட்டுக்கொண்டதாக மரபு. ஈராக்கில் கல்தேய, அசீரியக் கிறிஸ்தவர்கள் இன்றும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். அந்தச் சபைகளோடு கேரளக் கிறிஸ்தவர்களுக்கு இருந்த சுரியானி உறவு வழியாகத்தான் கேரளத்துக்கும் வந்தது. நாங்கள் நாகர்கோவில் பக்கம், லத்தீன் ரீத்து, அதாவது லத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர். எங்களுக்கு இந்த நோன்பு கிடையாது. கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கப்பல் பிரதட்சிணம். கப்பலைத் தூக்கும் உரிமை கடப்பூர்க்காரர்களுக்கு. தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். கப்பல் முன்னால் பாய்கிறது, பின்வாங்குகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது. புயலில் மாட்டிய கப்பல் எப்படித் தவிக்குமோ அப்படி ஆட்டுகிறார்கள். என் பக்கமாக வந்தபோது தூக்கியவர்களில் ஒருவருடைய கழுத்து நரம்பைப் பார்த்தேன், கயிறு மாதிரி புடைத்திருந்தது. தாடியில் வியர்வை சொட்டியது. வாய் மட்டும் "முத்தியம்மே" என்று முனகிக்கொண்டே இருந்தது. மாதாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு யோனாவைவிட அந்த மாலுமிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். நினிவேக்குப் போய் எச்சரி என்று கடவுள் சொன்னதும் யோனா கப்பலேறி ஓடுகிறார், வழியில் புயல். அந்தக் கப்பலின் மாலுமிகள். அவர்கள் இஸ்ரவேலின் தேவனை அறியாதவர்கள். "என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள்" என்று யோனா சொன்ன பிறகும் உடனே போடவில்லை. கரை சேர்த்துவிடலாம் என்று துடுப்பை வலித்துப் பார்க்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவனுக்காக! அந்த ஒருவனோ, நினிவேக்கு இரக்கம் கிடைத்துவிடக் கூடாது என்று ஓடிக்கொண்டிருக்கிறவன்.

யோனா பயந்து ஓடினார் என்றுதான் சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். யோனா புத்தகத்தின் நாலாம் அதிகாரத்தில் அவரே கடவுளிடம் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்: நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன். நினிவே அசீரியரின் நகரம். கொடுமைக்குப் பேர் போனவர்கள். பின்னால் கி.மு. 722-இல் சமாரியாவை விழுங்கியதும் அதே அசீரியாதான். அப்படிப்பட்டவர்கள் பிழைத்துப்போனதை யோனாவால் தாங்க முடியவில்லை. நான் சாகிறதே நல்லது என்று ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறார்.

எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். வீட்டுப் பாகத்தில் தொடங்கிய சண்டையில் அண்ணனோடு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன். பிழைப்பது கஷ்டம் என்றார்கள். பிழைத்துவிட்டது. செய்தி கேட்ட அன்று எனக்குள் எழுந்தது சந்தோஷம் இல்லை. 'இதுக்கும் ஒண்ணும் ஆகலையா' என்று ஒரு கசப்பு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

கப்பலின் ஆட்டம் அடங்கியது. கூட்டத்தில் பலர் அழுதுகொண்டிருந்தார்கள். நானும்தான்.

யோனாவைக் கடவுள் அதட்டவில்லை என்பதைப் பல தடவை வாசித்தும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ என்று கேட்கிறார். வெயில் படாமல் இருக்க ஓர் ஆமணக்குச் செடியை முளைக்க வைக்கிறார். அது பட்டுப்போனதும் திரும்பவும் கேட்கிறார். மனம் திருந்தின நினிவேக்குக் காட்டிய பொறுமையை, மனம் திருந்தாத தீர்க்கதரிசிக்கும் காட்டுகிறார். வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்களே, ஆடுமாடுகளும் இருக்கின்றனவே, நான் பரிதபிக்காமல் இருப்பேனோ என்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை.

அந்த நினிவே இன்றைய ஈராக்கில் மோசூல் பக்கம். யோனாவின் கல்லறை என்று அங்கே முஸ்லிம்கள் காத்துவந்த நபி யூனுஸ் பள்ளிவாசலை 2014 ஜூலையில் ஐ.எஸ். தீவிரவாதிகள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வருடமே நினிவே சமவெளிக் கிறிஸ்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகும் அந்தச் சபைகள் இந்த மூன்று நாள் நோன்பை விடவில்லை. அவர்களுடைய மன்றாட்டுக்கு முன்னால் என் வீட்டுப் பாகச் சண்டையை வைத்துப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கோயில் ஊற்றுக்குப் போனேன். ஆடு மேய்த்த பிள்ளைகளுக்கு மாதா காட்டிக்கொடுத்த ஊற்று என்று நம்பிக்கை. ஒரு மிடறு குடித்தேன், தொண்டை வரை குளிர்ந்தது. பாட்டிலில் பிடித்துக்கொண்டேன்.

கோட்டயம் ஸ்டேஷனில் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அழிக்காமல் வைத்திருந்த நம்பரை அழுத்தினேன். மைனிதான் எடுத்தது. என் குரல் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"சுகமா இருக்கியளா மைனி? அண்ணன் தூங்குதா?"

"இல்ல, முழிச்சிதான் இருக்கு. குடுக்கட்டா?"

"குடுங்க" என்றேன்.