பர்வதமலை: கடப்பாறை நெட்டும் தொள்ளாயிரம் ரூபாய் ஆட்டோவும்

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்கு நண்பர்கள் நாலு பேர் ஏறிவிட்டு வந்தோம். முதலில் ஆட்டோக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. காலையில் போளூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து தென்மகாதேவமங்கலம் அடிவாரம் வரை நாலு பேருக்கு நானூறு ரூபாய் பேசிப் போனோம். இருபது கிலோமீட்டர் சொச்சம், நியாயமான காசு. சாயங்காலம் அதே தூரம் திரும்பிவர, அடிவாரத்தில் நின்ற இன்னொருவர் தொள்ளாயிரம் கேட்டார். கேட்டால், "மலை எறங்கி வந்துகீறீங்க, நடந்தா போவப் போறீங்க?" என்கிறார். அடுத்தவன் முழங்கால் வலிக்கு விலை போடுவது என்ன தொழில் தர்மம்? பிரபு கால்மணி நேரம் பேரம் பேசி அறுநூற்றைம்பதுக்கு இறக்கினான். ஆளுக்கு ஆயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கிளம்பியவர்களுக்கு அதுவே அதிகம். போகும்போதே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பேசி, அந்த ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருந்து ஆரணி வழியாகப் போளூர் போகும் ராத்திரி பஸ்ஸில்தான் வந்தோம். கடைசி சீட், மூடாத ஜன்னல், தை மாதக் குளிர். ஒரு நிமிஷம்கூடக் கண் அசரவில்லை. பகலில் மலை ஏறப் போகிறவர்கள் பத்து ரூபாய் அதிகமானாலும் நல்ல வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், அல்லது முந்தின நாளே போளூரில் ரூம் போடுங்கள். காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் போளூருக்கு ஸ்டேஷனும் உண்டு.

இனி மலை. நாலாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் உயரம், ஜவ்வாது மலைத் தொடரை ஒட்டித் தனியாக எழுந்து நிற்கிறது. ஏறுவதற்கு இரண்டு வழி: தென்மகாதேவமங்கலம் ஒன்று, கடலாடி ஒன்று. நடுவழியில் இரண்டும் சேர்ந்துவிடும். நாங்கள் போன வழியில் அடிவாரத்திலேயே பச்சையம்மன் கோயில், காவல் தெய்வங்களான முனிகள் ஆளைவிட உயரமான சிலைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் காட்டுப் பாதை, அப்புறம் படிக்கட்டு. படிக்கட்டு நீளம், சலிப்பு, அவ்வளவுதான். அது முடிந்த பிறகுதான் உண்மையான மலை ஆரம்பம்: உருண்டு கிடக்கும் பாறைகள், வேர்கள், முழங்கால் நெஞ்சைத் தொடுகிற செங்குத்து.

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு இது என்று எங்களோடு ஏறிய பெரியவர் சொன்னார். இந்தப் பக்கத்து மக்கள் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது மலைபடுகடாம் தொடர்பு. செங்கம் பக்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் சங்கப் பாட்டு அது. அதில் வரும் நவிரமலை இதுதான் என்கிறார்கள். எங்கே குழியில் பாம்பு ஒடுங்கியிருக்கும், தினைப்புனக் காவலர் விடும் கவண்கல் பறந்து வந்தால் எப்படி மரத்துக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் அந்தப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறது. அவ்வளவு அக்கறையாக வழி சொன்ன மலையில் இன்றைக்கு ஒரு அம்புக்குறி போர்டு ஒழுங்காக இல்லை. பாதை பிரியும் இரண்டு இடங்களில் எதிரே வந்தவர்களைக் கேட்டுத்தான் போனோம்.

கடப்பாறை நெட்டு பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன். மொட்டைப் பாறை. அதில் துளை போட்டுக் கடப்பாறைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலி. ஒவ்வொரு கடப்பாறையும் ஒரு பாதம் வைக்கிற இடம்தான். மிதித்து மிதித்து மேல்பக்கம் வெள்ளி போலப் பளபளக்கிறது, பாறைக்குள் இறங்கும் இடத்தில் மட்டும் துரு. காலைக் குளிரில் சங்கிலி சில்லென்று கையில் ஒட்டியது. செந்தில் பாதியில் நின்றுவிட்டான். "மச்சான், கீழ பாக்காத, அடுத்த கம்பிய மட்டும் பாரு" என்று பின்னால் இருந்து பிரபு சொல்லிக்கொண்டே வந்தான். அதற்கு மேலே ஏணிப்படி, தண்டவாளத் துண்டுகளைப் பதித்த படி. இதை முதலில் இங்கே அடித்து வைத்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்ற கேள்வி மேலே போகும் வரை என்னை விடவில்லை. இந்தக் கட்டத்துக்குப் பயப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் வேறு படிகளும் உண்டு, வற்புறுத்தி யாரையும் கடப்பாறையில் ஏற்றாதீர்கள்.

தயவுசெய்து பௌர்ணமி அன்று போகாதீர்கள். அன்றைக்கு இந்த இடத்தில் வரிசை நிற்கும், முன்னால் ஒருவர் பயந்து நின்றால் பின்னால் அத்தனை பேரும் சங்கிலியைப் பிடித்தபடி தொங்க வேண்டியதுதான். சாமிக்காகப் போகிறவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள், அது அவர்கள் பக்தி. மலையைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சாதாரண வார நாள், விடியற்காலை, இதைவிட நல்ல நேரம் கிடையாது.

உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை சன்னதி. இங்கே நாமே பூ வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிடலாம். இந்த மலையில் என் மனதைத் தொட்ட விஷயம் இது. கோயிலைச் சுற்றி வந்து பாறை விளிம்பில் நின்றோம். மேற்கே ஜவ்வாது மலை அடுக்கடுக்காக. மற்ற பக்கம் முழுக்கத் தரை: ஏரிகள், கரும்புத் தோட்டம், நெல் வயல், செய்யாற்றின் மணல் கோடு. பனி விலகக் காத்திருந்தோம். தென்கிழக்கே திருவண்ணாமலை மெதுவாகத் தெரிந்தது. செந்தில்தான் முதலில் பார்த்துக் கத்தினான். இந்த மாவட்டத்தில் இதற்கு மேல் ஒரு காட்சி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அதே விளிம்பில் பாறை இடுக்கு முழுக்கப் பிளாஸ்டிக் பாட்டில், கிழிந்த பூஜைப் பை, பிஸ்கட் உறை. வயிறு எரிந்தது. பாட்டிலை நிரப்பித் தூக்கி வந்தவனுக்குக் காலியாகத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாதா?

தண்ணீர் விலைக்கு வருவோம். கீழே இருபது ரூபாய் பாட்டில் மேலே ஐம்பது. ஒரு குடும்பம் விற்பவரோடு சண்டை போட்டது. அவர் பன்னிரண்டு பாட்டில் கேஸைச் சும்மாட்டில் வைத்து அந்தக் கடப்பாறை வழியாகவே ஏறி வந்தவர். ஐம்பது ரூபாய் மிகவும் குறைவு. இவரிடம் பேரம் பேசக் கூடாது, தரையில் வண்டி ஓட்டித் தொள்ளாயிரம் கேட்பவரிடம்தான் பேச வேண்டும்.

இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை, தொடை நடுங்கிவிட்டது. அதையெல்லாம் அடிவாரத்தில் ஒரு ஆயா விற்ற கூழ் தீர்த்தது. மண்பானையில் தண்ணீருக்குள் கிடந்த கேழ்வரகுக் கூழ் உருண்டையைக் கையால் பிட்டுச் சொம்பில் போட்டு, மோர் ஊற்றி, கட்டியில்லாமல் கரைத்து, கல்லுப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொடுத்தார். கடித்துக்கொள்ள மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய். நொய் அங்கங்கே பல்லில் பட்டது, நேற்றே கரைத்து வைத்த மாவின் புளிப்பு தொண்டையில் நின்றது. சொம்பு இருபது ரூபாய். "இன்னும் ஊத்தட்டுமா கண்ணு?" என்று கேட்டு, இரண்டாவது தடவை ஊற்றியதற்குக் காசு வாங்கவே இல்லை. ஹோட்டலில் சாப்பிடும் திட்டத்தை அங்கேயே கைவிட்டோம்.

பஸ், ஆட்டோ, தண்ணீர், கூழ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு எண்ணூறைத் தாண்டவில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள ஷூ, தோளில் மாட்டும் மூடிய பை போதும். கையில் கவர் எதுவும் வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும். மழை நாளில் போகவே போகாதீர்கள், பாறை வழுக்கும், ஓடைகளில் திடீரென்று தண்ணீர் வரும். ஏறும் நேரத்துக்கு வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு, அடிவாரத்தில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். மார்கழி முதல் தேதி கோயில்மாதிமங்கலத்தில் இருந்து இந்த மலையைச் சுற்றிக் கிரிவலம் போவார்கள். அடுத்து அதற்கு வருவதாகச் செந்தில் பஸ்ஸிலேயே பேர் கொடுத்துவிட்டான்.