டிம்பர் கிரீக் கணக்கு

மே 27, 2025
ஆஸ்திரேலியாவில் நல்லிணக்க வாரம் இன்று தொடங்குகிறது. 1967இல் இதே நாளில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பூர்வகுடிகளுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். மக்கள்தொகைக் கணக்கில் இடம் கிடைத்தது; ஒரு குழி நிலம்கூடக் கைக்கு வரவில்லை.

மே 28
நிலம் கேட்க இன்றுள்ள முக்கிய வழி 1993ஆம் ஆண்டுப் பூர்வகுடி நிலவுரிமைச் சட்டம். பிரிட்டன் ஆட்சியுரிமை கொண்டாடிய நாளில் முன்னோருக்கு அங்கே சொந்தச் சட்டமும் வழக்கமும் இருந்தன, அவை பெருமளவு அறுபடாமல் இன்றுவரை தொடர்கின்றன, நிலத்தோடுள்ள உறவு அவற்றால் வருவது: இத்தனையையும் மனுதாரர் மெய்ப்பிக்க வேண்டும். பட்டாவா இருக்கிறது காட்ட? மானுடவியலாளர் தொகுத்த வம்சாவளி, புனிதத் தலங்களின் வரைபடம், அந்த மண்ணிலேயே முதியவர்கள் சொல்லும் சாட்சியம், பாட்டு ஆகியவைதாம் ஆதாரம்.

சில பாட்டுகளை ஆண்கள் மட்டுமே கேட்கலாம், சிலவற்றைப் பெண்கள் மட்டுமே. திறந்த நீதிமன்றத்தில் பாடினால், மெய்ப்பிக்க வந்த வழக்கத்தையே மீறியதாகிவிடும். ஆகவே யார் கேட்கலாம், எழுத்துப்பதிவை யார் படிக்கலாம் என்று முன்னதாகவே கட்டுப்பாட்டு உத்தரவு வாங்க வேண்டும். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். மூத்தவர்களின் வாக்குமூலத்தை முதலிலேயே பதிந்துவிடுவது நல்லது.

மே 29
முர்ரே ஆற்றுப் பகுதியின் யோர்த்தா யோர்த்தா மக்கள் தோற்றது இந்த ‘அறுபடாமல்’ என்ற நிபந்தனையில்தான். அவர்களின் முன்னோர் 1881இல் ஆளுநரிடம் நிலம் கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். மரபு வாழ்க்கையைக் கைவிட்டதற்கு அந்த மனுவையே சான்றாகக் கொண்டார் 1998இல் விசாரணை நீதிபதி. வெள்ளைக்காரப் பண்ணையார் எட்வர்ட் கர் எழுதிவைத்தது, முதியவர்களின் வாய்மொழியைவிட எடை கூடியதாகிவிட்டது. 2002 டிசம்பர் 12 அன்று மேல்முறையீடும் தள்ளுபடி. விரட்டியடித்துவிட்டு, ஏன் தொடர்ந்து இருக்கவில்லை என்று கேட்பது என்ன நியாயமோ!

மே 31
வடக்குப் பிரதேசத்தின் டிம்பர் கிரீக். அரசின் நடவடிக்கைகளால் ஙலிவுர்ரு, நுங்கலி மக்கள் இழந்தது சுமார் 1.27 சதுர கிலோமீட்டரில் இருந்த உரிமை. 2019 மார்ச் 13 அன்று நாட்டின் தலைமை நீதிமன்றம் போட்ட கணக்கு, ஆஸ்திரேலிய டாலரில்:

நிலமதிப்பில் பாதி 3,20,250. பிறரைத் தடுக்கவோ நிலத்தை விற்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லாததால் பாதி மட்டும். தனிவட்டி 9,10,100, கூட்டுவட்டி மறுக்கப்பட்டது. பண்பாட்டு இழப்புக்கு 13,00,000. ஆக 25,30,350.

கவனிக்க வேண்டியது மூன்றாவது தொகை. தொன்மக் கதையில் வரும் டிங்கோ (ஆஸ்திரேலியக் காட்டு நாய்) மூதாதை நடந்த பாதையில் தண்ணீர்த் தொட்டிகளைக் கட்டியிருந்தார்கள். தொட்டி அடைத்த இடத்தை மட்டும் அளந்தால் இழப்பு சொற்பம். ஓர் ஓவியத்தில் ஆங்காங்கே ஓட்டை போட்டால் ஓட்டையை அளப்பதில்லை, முழு ஓவியத்தின் சேதத்தைப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். முதல் தொகையைப் போல சுமார் நான்கு மடங்கு வந்தது அதனால்தான்.

ஜூன் 3
மாபோ நாள். பூர்வகுடி நிலவுரிமையை முதன்முதலாக ஏற்ற தீர்ப்பு 1992இல் இதே நாளில் வந்தபோது, வழக்குத் தொடுத்த எடி மாபோ உயிரோடு இல்லை. அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

நட்டஈட்டு வழக்குகள் வழக்கமாக 1975 அக்டோபர் 31க்குப் பிந்தைய இழப்புகளையே பேசும்; இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. இந்த ஆண்டு மார்ச் 12 தீர்ப்பு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. கோவ் தீபகற்பத்தின் பாக்சைட் நிலம் தொடர்பான வழக்கு. மத்திய அரசின் நேரடி ஆட்சியில் வடக்குப் பிரதேசம் இருந்த காலத்தில் அழிந்த உரிமைக்கும், சொத்தைக் கையகப்படுத்தும்போது அரசியலமைப்பு கோரும் ‘நியாயமான நிபந்தனைகள்’ பொருந்தும். தொகையை இனிமேல்தான் கணக்கிட வேண்டும்.