சோடா ஆஷ் கேள்வி: இரண்டு வளையம் வரைந்தால் பிழைத்தீர்கள்

வேதியியல் தேர்வு ரிசல்ட் வந்தாயிற்று, தப்பித்தாயிற்று. அடுத்து எழுதப்போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: உப்பிலிருந்தும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தும் அம்மோனியாவின் உதவியோடு சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) தயாரிக்கும் சால்வே முறையைச் சமன்பாடு சமன்பாடாக உருப்போடாதீர்கள். ஆலைக்குள் அவை சுற்றித் திரும்பும் வழியைக் காட்ட அம்மோனியாவுக்கு ஒரு வளையம், கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு வளையம் வரையுங்கள். பாதிக் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது.

அம்மோனியா கலந்த உப்புக்கரைசலில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட் வீழ்படியும், அதை வறுத்தால் சோடா ஆஷ். 106 கிலோ சோடா ஆஷுக்குக் கார்பனேற்றக் கோபுரத்தில் 88 கிலோ கார்பன் டை ஆக்சைடு பிடிபட வேண்டும். பைகார்பனேட்டை வறுக்கும்போது 44 கிலோ திரும்பி வருகிறது. மீதி 44 கிலோ, 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பது. அதே சூளையின் சுட்ட சுண்ணாம்புதான் அம்மோனியாவை மீட்கவும் போகிறது. ஆக, இரண்டு வளையமும் சந்திக்கும் இடம் சூளை. இதைப் படத்தில் காட்டாமல் எத்தனை பக்கம் எழுதினாலும் வீண்.

அம்மோனியா மொத்தச் சமன்பாட்டில் வராது. கசிவுக்கு ஈடாகக் கொஞ்சம் சேர்ப்பதோடு சரி. உப்புக்குச் சமமான மூலப்பொருளாக எழுதிவிடாதீர்கள்.

அம்மோனியா மீட்பில் ஒரு பொறி உண்டு. பைகார்பனேட்டை வடிகட்டிய பின் மிஞ்சும் தாய்க்கரைசலில் நேராகச் சுண்ணாம்புப் பாலை (சுட்ட சுண்ணாம்பை நீரில் கலந்தது) ஊற்றக் கூடாது. முதலில் நீராவியால் சூடாக்கி, கார்பனேட்டாக இருக்கும் அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் ஓட்ட வேண்டும். அம்மோனியம் குளோரைடு மிஞ்சிய பிறகே சுண்ணாம்பு. வரிசை மாறினால் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகி வீணாகும், மீட்புக் கோபுரத்தில் படிவும் கட்டும்.

"ஏன்" கேள்விகள்:

- அம்மோனியா முதலில் ஏன்? வெறும் உப்புக்கரைசலில் கார்பன் டை ஆக்சைடு சரியாகக் கரையாது, காரத்தன்மை வேண்டும்.
- கரைசலைச் சுத்திகரிப்பது ஏன்? மக்னீசியமும் கால்சியமும் பின்னால் குழாய்களில் படியும். முன்னதைச் சுண்ணாம்பும், பின்னதைச் சோடா ஆஷும் வீழ்த்தும்.
- பொட்டாசியத்துக்கு இம்முறை ஏன் ஆகாது? அதன் பைகார்பனேட் அதிகம் கரையும், வீழ்படியாது.

கார்பனேற்றக் கோபுரத்தின் வெப்பநிலையைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நடுப்பகுதி ஏறத்தாழ 60 டிகிரி, அடிப்பகுதி 30 டிகிரியை ஒட்டி. எடுத்த எடுப்பில் குளிரவைத்தால் படிகம் பொடிப்பொடியாக விழும். வடிகட்டியில் தங்கும் பைகார்பனேட் கட்டி சேறுபோல் நீரைப் பிடித்துக்கொள்ளும். அந்த நீரோடு குளோரைடும் வரும், வறுக்கும் உருளையில் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அதிகம் கழுவிச் சரிசெய்யலாம் என்றால் பைகார்பனேட்டே கரைந்து போகும். ஈரக் கட்டி உருளைச் சுவரில் ஒட்டாமலிருக்க, ஏற்கெனவே வறுத்த சோடாவில் ஒரு பகுதியை அதோடு கலந்து உள்ளே விடுவார்கள். இதை எழுதுகிறவர் குறைவு.

கணக்கு வந்தால்: 1 டன் சோடா ஆஷுக்குக் கோட்பாட்டளவில் உப்பு 1,104 கிலோ. சோடியம் மாற்றம் (உப்பின் சோடியத்தில் சோடா ஆஷாக மாறும் பங்கு) 73 சதவீதம் என்று கொடுத்திருந்தால் 1,104-ஐ 0.73-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 1,512 கிலோ. பெருக்கிவிட்டு 806 என்று எழுதினால், கோட்பாட்டளவை விடக் குறைவாக வந்திருப்பதையாவது கவனியுங்கள்.

சால்வேக்கு முந்தைய சோடா தயாரிப்பான லெப்லாங்க் முறைக்கு இரண்டு வரி போதும்: 1791, கந்தக அமிலம், நாற்றமடிக்கும் கால்சியம் சல்பைடு கழிவு.

ஹௌ முறையை, அதாவது சோடாவோடு அம்மோனியம் குளோரைடையும் தரும் இரட்டை உற்பத்தி முறையை, தனிப் பாடமாகப் படிக்க வேண்டாம். அம்மோனியா வளையத்தை ஓரிடத்தில் வெட்டுங்கள். தாய்க்கரைசலைக் குளிர்வித்து, திட உப்பு சேர்த்து, அம்மோனியம் குளோரைடைப் படிகமாக வெளியே எடுக்கிறார்கள்: 106 கிலோ சோடாவுக்கு 107 கிலோ. மீட்பு இல்லாததால் சுண்ணாம்புச் சூளை வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு அம்மோனியா ஆலையிலிருந்து வரும். இங்கே மட்டும் அம்மோனியா மூலப்பொருள்தான், 106 கிலோவுக்கு 34 கிலோ.