காந்திமதி என்றால் காந்திமதிதான்

என் பெயர் காந்திமதி. காற்று, காவேரி, காப்பி என்று சொல்லும்போது வருகிற அதே 'கா'. மகாத்மா காந்தியைச் சொல்லும்போது தொண்டையில் அழுத்தி எழுகிற 'கா' இல்லை. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பதால் வாயால் சொல்லித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலி டவுனில் இதற்கெல்லாம் வேலையே இல்லை. நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயர் அது. ரத வீதிகளில் தெருவுக்கு நாலு காந்திமதி இருப்பார்கள். ஆச்சி வாசலில் நின்று "ஏட்டி காந்தி" என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டு அக்காவும் எட்டிப் பார்ப்பாள். ஆடிப்பூரத்தில் அம்மனுக்கு வளைகாப்பு முடிந்ததும் ஆச்சி கண்ணாடி வளையல் கொண்டுவந்து, "உன் பேர்க்காரி குடுத்துவிட்டா, போட்டுக்கோட்டி" என்று என் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றுவாள்.

சென்னைக்கு வேலைக்குப் போன பிறகுதான் சிக்கல். பள்ளிக்கூடத்தில் யாரோ என் பெயரை ஆங்கில 'ஜி' போட்டு எழுதிவிட்டார்கள். அது அப்படியே ஆதார், பான், பாஸ்போர்ட் வரை வந்துவிட்டது. அலுவலகத்தில் நான் பெயரைச் சொன்னதும் ஒருவர், "நீங்க தப்பா சொல்றீங்க" என்று அழுத்தி உச்சரித்துக் காட்டினார். அதோடு விடவில்லை. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி, 'ஜி' மேல் விரலை வைத்து, "பாருங்க" என்றார். அம்மா அப்பா வைத்த பெயரை அட்டையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு பெரியவர் அன்பாகத்தான் திருத்தினார். தேசப்பிதா மேல் உள்ள பக்தியில் வைத்த பெயராம், அதை அழுத்திச் சொன்னால்தான் மரியாதையாம். அவரிடம் எட்டயபுரம் கதையைச் சொன்னேன். சிறுவன் பாரதியை மடக்க 'பாரதி சின்னப்பயல்' என்று ஈற்றடி கொடுத்ததாகச் சொல்வார்களே, அந்தப் புலவரின் பெயர் காந்திமதிநாதன். பாரதி பிறந்தது 1882-இல். அவர் சின்னப்பயலாக இருந்த காலத்தில் மோகன்தாஸ் காந்தியை இந்தப் பக்கம் யாருக்குத் தெரியும்? காந்தி என்றால் ஒளி. அம்மனுக்கு அது எப்போதோ வந்த பெயர். பெரியவர் யோசித்துவிட்டு, "அப்ப சரிம்மா" என்றார்.

2025 ஜனவரியில் எங்கள் கோயில் யானை காந்திமதி இறந்துபோனது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக வாழைப்பழம் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கிய யானை. அன்று டிவி செய்தியில் அந்தப் பெயரையும் அழுத்தித்தான் வாசித்தார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "நம்ம காந்திய ஏன் இவன் இப்படிச் சொல்லுதான்?" என்றாள். அவளுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

தம்பி மகளுக்கும் அம்மன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழ் படிவத்தை நானே வாங்கி நிரப்பினேன். ஆங்கிலத்தில் 'கே'. அச்சாகி வந்ததையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டேன். அப்புறம், என் பெயரையும் அரசிதழில் கொடுத்து மாற்ற விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட், பேங்க் என்று நிறைய அலைச்சல் இருக்கும். பரவாயில்லை, அலைகிறேன்.