மருந்துப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போன பயணம்

சிங்கப்பூரில் தாதிமை இரண்டாம் ஆண்டு படித்தபோது, 16 மாணவர்களாகச் சேர்ந்து 10 நாள் கம்போடியா போனோம். சியெம் ரீப் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு கிராமம். அங்கே ஒரு தொடக்கப்பள்ளியும் ஒரு சுகாதார நிலையமும் இருந்தன. போக நினைக்கும் மாணவர்கள் என்னிடம் முதலில் விசாவையும் செலவையும்தான் கேட்கிறார்கள். அது சுலபம். எங்கள் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை. டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசி போட்டுக்கொண்டோம். அமெரிக்க டாலர் அங்கே சாதாரணமாகச் செல்லும்.

கஷ்டமெல்லாம் திட்டத்தில்தான். மருத்துவ முகாம் நடத்துவது, காலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என்று எழுதி, இரண்டு பெட்டி மருந்தும் சேர்த்துவிட்டோம். நாங்கள் கிளம்பும் முன்பே மொழிபெயர்ப்பாளர் அண்ணன் அதைச் சுகாதார நிலையத்துத் தாதியிடம் படித்துக் காட்டினார். வேண்டாம் என்றுவிட்டார் தாதி. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது மீதி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். எங்கள் பெட்டியில் பாதி அப்படி இல்லை. ஆங்கில லேபிளை ஊரில் யாரும் படிக்கப் போவதுமில்லை. நாங்கள் கிளம்பிய பிறகு அந்த நோயாளிகளை யார் பார்ப்பது என்றும் கேட்டார். சொந்த ஊரிலேயே மேற்பார்வை இல்லாமல் ஒரு மாத்திரை கொடுக்க அனுமதியில்லாத எங்களுக்கு, அங்கே மட்டும் அந்தத் தகுதி எப்படி வரும்? அன்று எனக்கு வெட்கமாகவே இருந்தது.

சரி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அப்புறம்தான் கேட்டோம். அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அளக்கும் நாளில் வரிசை நீளம், ஆள் குறைவு. அளக்கவும் எழுதவும் கை வேண்டும் என்றார் தாதி. தலைமை ஆசிரியர் கேட்டது இன்னும் சின்னது. அங்கே ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் காலையில் வகுப்பு, மறு பகுதிக்கு மதியம். பாட நேரத்தைத் தொடாமல், வகுப்பில்லாத வேளையில் அவர்களுடைய கெமர் மொழிப் படஅட்டைகள் செய்ய ஆசிரியர்களுக்கு உதவினால் போதும் என்றார்.

பயணத்துக்கு மீதியிருந்த ஆறு வாரமும் கெமர் எண்களைப் பழகினோம். ஆறு என்பதற்கு அவர்கள் 'ப்ராம் முவாய்' என்கிறார்கள், அதாவது ஐந்தும் ஒன்றும். எழுத்து வேறு, ஆனால் பல்லவ எழுத்திலிருந்து வந்தது என்று தெரிந்தபோது கொஞ்சம் நெருக்கம் வந்தது. ஆசிரியையை 'நெயாக் க்ரூ' என்று கூப்பிடுவார்கள். அந்த க்ரூ நம் குருதான்.

அளக்கும் நாளில் என் கையில் ஒரு நாடா, பிள்ளைக்கு ஊட்டச்சத்துக் குறைவா என்று நிறத்தால் காட்டுவது. குழந்தையின் மேற்கையில் சுற்ற வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. இறுக்கினால் எண் பொய் சொல்லும், தொளதொளவென்று விட்டாலும் பொய்தான். தாதி என் விரலைப் பிடித்து மூன்று முறை திருத்தினார்.

ஒரு பாட்டி பேரனோடு வந்தார். பிள்ளையின் பெற்றோர் தாய்லாந்தில் வேலை செய்கிறார்கள். நாடா மஞ்சளில் நின்றது. தாதி பாட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெறும் கஞ்சியில் மீன், பூசணி, கீரை, கொஞ்சம் எண்ணெய் சேர்க்கும் விதத்தைப் பொறுமையாகச் சொன்னார். அடுத்த மாதம் எந்த நாளில் வர வேண்டும் என்பதைப் பாட்டியையே திருப்பிச் சொல்லவைத்தார். அவர்கள் பேசி முடிக்கும்வரை வரிசையில் அடுத்த நான்கு பிள்ளைகளை நான் அளந்தேன்.